மரியாதைக்குரிய என் மகனும் கொப்புளிப்பானும்

என் மகனுக்கு ராசேந்திரன் என்று கோயிலில் வைத்துப் பெயர் சூட்டினோம். அந்தப் பெயர் பிறப்புப் பத்திரத்தோடு சரி. மூக்கு எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருந்ததால் வீட்டில் அவனுக்கு ‘ஓட்ட லொறி’ என்று பட்டம். எனக்குக் கோபம் வந்தால் அவன் எருமை, சந்தோசம் வந்தால் திருட்டுப்பயல். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி டிரைவர். கொழுந்தையும் உர மூட்டையையும் ஏற்றி இறக்கிக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் நாள் முழுவதும் வண்டியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, கண்ணே மணியே என்று கொஞ்ச வராது. என் மனைவி பாக்கியத்துக்கும் வராது. அவள் என்னைத் திட்டுவாள், பிள்ளையைத் திட்டுவாள், புகைகிற அடுப்பைத் திட்டுவாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளிருந்து மரியாதையான பேச்சு கேட்டால், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அந்த வரிசை லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அம்மா வந்தாள். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைக் கேட்டவர்கள், ‘இதை எழுதி வை, நாலு பேருக்கு உதவும்’ என்றார்கள். உதவுமா என்று தெரியாது. சிரிக்கவாவது சிரிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

அது மழைக்காலம். பாக்கியம் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு விட்டுப்போய், காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். அதனால் பிள்ளையை நான்தான் காலையில் பிள்ளைக் காம்பராவில் விடுவேன், நான்தான் சாயங்காலம் தூக்கி வருவேன். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகள் எல்லாம் ஒரே பாயில் கிடக்கும். ஒரு குழந்தைக்குச் சளி வந்தால் அத்தனை குழந்தைக்கும் வரும். ஒருநாள் பிள்ளையைத் தூக்கும்போது உடம்பு கொதித்தது. ஒரு வயது தாண்டி ஓரிரு மாதம், பல் முளைக்கிற காய்ச்சல் என்று நினைத்தேன். மறுநாள் வயிற்றில் சிவப்பாக நாலைந்து புள்ளி கண்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் புள்ளிகளில் நீர் கோத்துக்கொண்டது, முதுகிலும் புதிதாகப் புறப்பட்டது.

நான் வேலையில் இருந்த நேரம், பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மழைக்குத் தலையில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

“தாயே! வந்துட்டீங்களா? சொகமா எறங்கிக்கங்க தாயே” என்று என் மகனைப் பார்த்துச் சொன்னார். என் மகன் பதிலுக்கு மூக்கை ஒழுகவிட்டான்.

அம்மை கண்ட உடம்பில் மாரியம்மன் வந்து இருக்கிறாள் என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. அம்மை போட்ட ஆள் ஆணோ பெண்ணோ, கிழமோ குழந்தையோ, இறங்குகிற வரைக்கும் அம்மன்தான். அதட்டக் கூடாது, அடா புடா சொல்லக் கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வந்தவர்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மன் கூடவே அவர்கள் வீட்டுக்கும் கிளம்பிவிடுவாளாம். அதனால் எங்கள் காம்பராவுக்கு வந்த ஆட்கள் எல்லாம் பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று காணாமல் போனார்கள்.

அன்று சாயங்காலம், அம்மன் வந்தது தெரியாமல் நான் வேலை முடிந்து வந்து, வாசலிலேயே, “என்னடா எருமை, காய்ச்சல் உட்டுருச்சா?” என்றேன்.

பாக்கியம் மாவுக்கட்டுக் காலோடு எழுந்தே விட்டாள். “ஐயோ, வாயக் கழுவுங்க! அம்மா வந்திருக்காங்க. மரியாதையாப் பேசுங்க.”

அவள் வாயிலிருந்து எனக்கும் ‘ங்க’ வந்தது. கல்யாணமான புதிதில் கேட்டது. விஷயம் பெரிதுதான் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அடுத்தது வேப்பிலை. கீழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குக் கையை நீட்டினால் வேப்பிலை. எங்கள் குளிரில் வேப்பமரம் நட்டாலும் பிழைக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையும் சவுக்கும்தான். டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன். மாத்தளையிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வரும் லொறியில் அவருக்கு வேப்பிலையும் வரும். விலை கேட்டதற்கு நானா காதைப் பொத்திக்கொண்டார்.

“இதுக்கு வெல சொல்றதில்லங்க. புள்ளைக்குக் கொண்டு போங்க. நானும் தொழுகையில கேக்குறேன்” என்று ஒரு கட்டுக் கொடுத்தார். கொஞ்சம் வாடிய இலைதான். அதில் பாதியை வாசலில் சொருகினோம், பாதியைப் பாயில் பரப்பினோம்.

மூன்றாம் தடவையாகக் கொப்புளம் புறப்பட்டபோது தோட்டத்து டொக்டரையாவின் காதுக்குச் செய்தி எட்டிவிட்டது. டொக்டரையா என்பது நாங்கள் கொடுத்த பட்டம், உண்மையில் அவர் மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். எல்லா வியாதிக்கும் ஒரே கலர்த் தண்ணீர் கொடுப்பார். அவர் வாசலிலேயே நின்றார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்தது.

“இது பெரியம்மையா இருக்கலாம்” என்றார். “கீழ் லயத்துக்கு இப்பதான் மண்டபம் வழியா இந்தியாவுலருந்து ஒரு குடும்பம் வந்து எறங்கிருக்கு. நான் சொல்லாம உட்டு, நாளைக்குத் தோட்டம் பூராப் பரவுனா, தொரை என்னையத் தோல உரிச்சிருவாரு. இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

பெரியம்மை என்றதும் எனக்கு ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். பெரியம்மையில் பிழைத்தவர். முகமெல்லாம் குழி, ஒரு கண் வெள்ளையாக இருக்கும். அவரோடு சேர்ந்து அம்மை கண்ட அவருடைய பிள்ளைகள் பிழைக்கவில்லை. என் மகனைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அனத்திக்கொண்டிருந்தான்.

பாக்கியம் அழுதாள். அம்மன் இருக்கிற உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா, ஊசி குத்தலாமா என்றாள். மாவுக்கட்டோடு கூட வரவும் முடியாது. கடைசியில் பிள்ளைக்குத் துணியை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா பாருங்க. ஒங்க வாய்தான் எனக்குப் பயம். அங்க போயி ஏடாகூடமா ஒரு வார்த்த பேசிப்புட்டு, அம்மா கோவிச்சுக்கிட்டு, எம்புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னா, நீங்களும் வீட்டுக்கு வராதீங்க.”

நான் சாமி படத்தின் முன் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

தோட்டத்து லொறியைத்தான் எடுத்தேன். செல்லம்மா அக்காவின் புருசன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைக் கம்பளியில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் லொறி ஓட்டும்போது பேசுகிற பாஷை வேறு. வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. “அடேய்…” என்று ஆரம்பித்தேன். அவர் என் தொடையைக் கிள்ளினார். “கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்று மாட்டிடம் சொன்னேன். கியர் விழாதபோதும் அதே கதைதான். லிந்துலை தாண்டுவதற்குள், அடக்கி வைத்த வார்த்தைகளால் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் நீள மர வாங்கில் காலை நேரக் கூட்டம். உட்கார இடமில்லை. ‘பிள்ளைக்கு என்ன?’ என்று ஒரு அம்மா கேட்டார். அம்மை என்றேன். அடுத்த நிமிடம் முழு வாங்கும் எங்களுக்குத்தான்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர். கம்பளியை விலக்கி, பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆர் உங்களுக்குப் பெரியம்மை எண்டு சொன்னது? இது கொப்புளிப்பான்” என்றார். சின்னம்மை என்பதற்குத்தான் அந்தப் பெயர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். பெரியம்மை முகத்திலும் கைகாலிலும்தான் கூடுதலாகப் போடுமாம். எல்லாக் கொப்புளமும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகப் பழுக்குமாம். கொப்புளிப்பான் நெஞ்சிலும் வயிற்றிலும் முதுகிலும் அணியணியாக வரும். ஒன்று இப்போதுதான் சிவந்திருக்கும், பக்கத்தில் ஒன்று நீர் கோத்திருக்கும், இன்னொன்று காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். என் மகனின் வயிற்றில் மூன்றும் இருந்தன. அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து தானாகப் போகிற வியாதி என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. செல்லம்மா அக்காவின் புருசன் அந்த நல்ல செய்தியைச் சொல்லவும், லொறியை எடுத்துப் போக வேறு டிரைவரை அனுப்பவும், ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் பஸ் ஏறினார்.

டொக்டர் பிள்ளையையும் என்னையும் வீட்டுக்கு விடவில்லை. பிள்ளை சொறிந்த இடமெல்லாம் சீழ் வைத்திருந்தது. அதற்குப் பென்சிலின் ஊசி போட வேண்டுமாம். அதைவிட மோசமானது வாய். “தம்பி, வாயைத் திறவுங்கோ பாப்பம்” என்றார் டொக்டர், என் மகனிடம். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வாய்க்குள்ளும் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. முந்தின நாளிலிருந்து அவன் சரியாக எதையும் குடிக்கவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை, துணி நனையவில்லை, நாக்கு வறண்டிருந்தது.

“உடம்பிலை தண்ணி வத்திக்கொண்டு போகுது. அதுதான் இப்ப எனக்கு யோசினை. எப்பிடியாவது குடிக்க வையுங்கோ” என்றார்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாத வண்டியை ஏற்றத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

அம்மை வார்டு சமையலறைக்குப் பின்னால் தனியாக இருந்தது. அங்கே ஒரு பிள்ளையோடு ஒரு ஆள்தான் நிற்கலாம். ஆம்பிளைகள் நிற்பது வழக்கமில்லை. மனைவிக்குக் கால் உடைந்த கதையைச் சொன்னேன். வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், எங்கள் வழக்கில் மிஸி, ஒரு சிங்களப் பெண், என் அம்மா வயசிருக்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒங்களுக்கு இந்த வருத்தம் வந்ததா முன்ன? வந்த ஆள்தான் நிக்கலாம்” என்றார்.

வந்திருக்கிறது என்று சொன்னேன். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டதாக என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நெற்றியில் இருந்த தழும்பையும் சாட்சிக்குக் காட்டினேன். மிஸி தலையாட்டினார். உள்ளே விட்டார்.

வார்டில் எங்களோடு இருந்தது முனியம்மா என்ற பெண்ணும் அவளுடைய பத்து வயது மகளும்தான். முனியம்மா வேறு தோட்டத்துக்காரி. ஆசாரத்தில் செல்லம்மா அக்காவுக்கே பாடம் எடுப்பாள். மகளைத் தாயே, ஆத்தா என்றுதான் கூப்பிட்டாள். விசிறிவிடும்போதுகூட அனுமதி கேட்டாள். அந்தச் சிறுமி ஒரு வார்த்தையும் பேசாமல் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மிஸியும் சளைத்தவர் இல்லை. டொக்டர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் குனிந்து, “தெய்யங்கெ லெடெ” என்றார். தெய்வத்தின் வியாதி. சிங்களவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு வேப்பிலைக் கொத்தை எடுத்து என் மகனின் தலையணைக்கடியில் வைத்தார். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல, அரிப்பு அடங்குவதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டு உடம்பெல்லாம் பூசினார். வாய்ப் புண்ணுக்கு ஊதா நிறத்தில் ஒன்று. சொறியாமலிருக்க இரண்டு கையிலும் துணிப்பை கட்டினார். எல்லாம் முடிந்து பார்த்தால் ரோஸ் உடம்பும் ஊதா வாயுமாகக் கிடந்தான் என் மகன். தேர்த் திருவிழாவில் விற்கிற பொம்மை தோற்றுவிடும். வேறு நாளாக இருந்தால் நான் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவும் அடுத்த நாளும் நான் கோப்பையும் கரண்டியுமாக அந்தக் கட்டிலைச் சுற்றி வந்தேன்.

“தாயே, கொஞ்சம் பால் குடிங்க.”

வாயை இறுக மூடிக்கொண்டான்.

“தாயே, குளுக்கோஸ் தண்ணி. இனிப்பா இருக்கும்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானா கொடுத்தனுப்பிய செவ்விளநீரும் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போனது. முனியம்மா வந்து கைகூப்பிக் கெஞ்சினாள். மிஸி வந்து மெல்லிய குரலில் என்னவோ தாலாட்டுப் போலப் பாடினார். டொக்டர் வந்து, “தம்பி, ஒருக்கால் குடியுங்கோ” என்றார். நாலா பக்கமும் மரியாதை. என் மகன் எங்களை எல்லாம் அன்னியரைப் பார்ப்பது போலப் பார்த்தான். என்னையும்தான். அது எனக்கு என்னவோ செய்தது. அவனுக்கு நான் அடையாளம் தெரியவில்லையா, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதா என்று பயந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் டொக்டர் வந்து, அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டார். தோல் உடனே படியாமல் மடிந்தே நின்றது.

“இனிக் காத்துக்கொண்டிருக்கேலாது. தலையிலை நரம்பு பாத்து ஊசி குத்தி, சேலைன் ஏத்தப் போறன். மிஸி, முடியை வழியுங்கோ.”

சேலைன் என்பது உப்புத் தண்ணீர்தான், நேரே இரத்தத்தில் கலக்க விடுவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அம்மை உடம்பில் இருக்கும்போது கத்தி படக் கூடாது, முடி இறக்கக் கூடாது. பாக்கியத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதுகூட இருக்கட்டும். இத்தனூண்டு தலையில் ஊசி குத்தி இவன் தாங்குவானா? நான் வராந்தாவில் போய் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது மிஸி தட்டில் சவரக் கத்தியும் ஊசியும் கொண்டு வந்திருந்தார். முனியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “ஒரே ஒரு தடவ மிஸி” என்று கெஞ்சிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“தாயே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். ஒரு வாய்.”

துணிப்பை கட்டிய கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். குளுக்கோஸ் தண்ணீரில் பாதி என் சட்டையில் கொட்டியது. தூக்கமில்லாத கண், காய்ந்த வயிறு, பயம், எல்லாம் சேர்ந்து இத்தனை நாள் போட்டிருந்த பிரேக் அறுந்துவிட்டது.

“அடேய் ஓட்ட லொறி!” என்று கத்தினேன். “எருமைக்குப் பொறந்த எருமை! குடிச்சா என்னடா, கொறஞ்சா போயிருவ, திருட்டுப்பயலே!”

முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மிஸியின் தட்டில் கத்தி ஆடிய சத்தம் கேட்டது. எனக்குப் பாக்கியம் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசிவிட்டேன். பேசக் கூடாத வார்த்தையைப் பேசி, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் மகன் என்னைப் பார்த்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். பிறகு அந்த ஊதா வாய் மெல்லத் திறந்தது. சிரித்தான்.

மிச்சமிருந்த தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “என்னடா முழிக்கிற, களவாணி?” என்றேன். “ம்” என்று வாயைக் காட்டினான். ஊற்றினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். இன்னொரு கரண்டிக்கு வாயை மூடிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தான். காத்திருக்கிறான் என்று புரிந்தது. “கழுதை!” என்றேன். வாய் திறந்தது.

அப்புறம் ஒரு கரண்டிக்கு ஒரு வசவு. வீட்டில் பழகியது எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. லொறியைத் திட்டுவது, ரோட்டு மாட்டைத் திட்டுவது, தராசில் ஏமாற்றுகிற ஆட்களைத் திட்டுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பொம்பிளைகள் முன்னால் சொல்லக் கூடாததை மட்டும் முழுங்கிக்கொண்டு, கரண்டியைச் சும்மா காட்டினேன். அதற்கெல்லாம் அவன் மசியவில்லை. சரக்குத் தீர்ந்து நான் விழித்தபோது, மிஸி தட்டைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து, கூச்சத்தோடு “மோடயா!” என்றார். மடையா என்று அர்த்தம். என் மகனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு கோப்பை காலியாகிற வரை சிங்களத்தில்தான் குடித்தான்.

சாயங்காலம் டொக்டர் வந்தபோது பிள்ளை என் மடியை நனைத்துவிட்டிருந்தான். அந்த ஈரத்தை நான் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

“அருமை!” என்றார் டொக்டர். “இனித் தலையிலை ஊசி தேவையில்லை. என்னெண்டு குடிக்க வைச்சனீங்கள்?”

மிஸி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

டொக்டர் போனதும் முனியம்மா என் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரமும் யோசித்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. “அம்மாளுக்கும் சும்மா தாயே தாயேன்னு கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போயிருக்கும்ணே” என்றாள். பிறகு தன் மகளின் கட்டிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. “ஏய் கூறுகெட்டவளே, தள்ளிப் படுடி” என்று ரகசியமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை தள்ளிப் படுத்து, அம்மாவின் கையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

பென்சிலினில் சீழ் வற்றியது. பொருக்குகள் காய்ந்து உதிர்ந்தன. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. அக்கரப்பத்தனை மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? குடத்தை வாசலில் வைத்துவிட்டு முழு லயமும் வானத்தைப் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. கடைசியில் மேகம் விலகி, சேலை அகலத்துக்கு ஒரு வெயில் எதிர் மலையில் விழுந்தது. நானும் செல்லம்மா அக்காவின் புருசனும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதைத் துரத்தி ஓடினோம். வெயில் எங்களைவிட வேகமாக ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் செல்லம்மா அக்கா வேறு குடத்துத் தண்ணீரை அடுப்பில் சுட வைத்து, பிள்ளைக்கு ஊற்றி முடித்திருந்தார். “தண்ணி சூரியனத் தூரத்துலருந்து பாத்துச்சுல்ல, போதும்” என்றார்.

பாக்கியத்திடம் நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து நொண்டிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். “ஒரு வசவக் கூடவா உட்டு வைக்கல?” என்று மட்டும் கேட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் மறுபடியும் லொறி ஓட்டத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஏற்றத்தில் போகும்போது முதுகு வலித்தது. சாயங்காலம் குளிர்க் காய்ச்சல். காலையில் நெஞ்சில் சிவப்பாகப் புள்ளிகள். டொக்டரையா இந்த முறையும் வாசலிலேயே நின்று, சின்ன வயதில் எனக்கு வந்தது சின்னமுத்தாக, அதாவது தட்டம்மையாக இருந்திருக்கும், கொப்புளிப்பானாக இருந்திருக்காது என்றார். நெற்றித் தழும்பு எதனால் வந்ததோ, எனக்குத் தெரியாது.

சின்னப் பிள்ளைக்கு வருவதைவிடப் பெரியவர்களுக்கு வந்தால் கொப்புளிப்பான் மோசம். உடம்பெல்லாம் நெருப்பு. மூலையில் பாயை விரித்து, வேப்பிலையைப் பரப்பி என்னைக் கிடத்தினார்கள். பாக்கியத்துக்குச் சின்னப் பிள்ளையிலேயே இது வந்து போயிருந்தது, கன்னத்தில் அதன் வடு இருக்கிறது. அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள். மாவுக்கட்டு எடுத்திருந்தாலும் கால் இன்னும் சரியாகவில்லை. கஞ்சிக் கோப்பையோடு நொண்டி நொண்டி வந்து, பாயருகே உட்கார்ந்து கைகூப்பினாள்.

“தாயே, கஞ்சி கொண்டாந்திருக்கேன். குடிங்க தாயே.”

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. இரண்டு நேரம் அதை ருசித்தேன். மூன்றாம் நேரம் ஏதோ மாதிரி ஆனது. செல்லம்மா அக்கா வந்து கும்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போனார். அவர் புருசன் வந்து வாசலில் நின்று கும்பிட்டார். கூட வேலை செய்தவர்கள் வந்து கும்பிட்டார்கள். ஒருவராவது ‘டேய்’ என்று கூப்பிடவில்லை. பாக்கியம் மெல்லிய குரலில் பேசினாள், மெதுவாக நடந்தாள், கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள். என்னுடைய வீடு மாதிரியே இல்லை. பிழைக்கப்போகிற ஆளிடம் இப்படியா பேசுவார்கள் என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை.

வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“தாயே, காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல. இப்படிச் செய்யலாமா தாயே?”

“பாக்கியம்.”

“சொல்லுங்க தாயே.”

“என்னைய ஒரு தடவ திட்டேன்.”

“ஐயையோ! மாட்டேன் தாயே.”

“எனக்குப் பயமா இருக்குடி” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கதவருகே போய் வெளியே செல்லம்மா அக்கா நிற்கிறாரா என்று பார்த்தாள். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, குனிந்து, என் காதுக்குள் சொன்னாள்.

“யோவ், அறிவுகெட்ட மனுசா. எந்திரிச்சுக் குடிய்யா. நீ செத்துத் தொலஞ்சா நான் யாரத் திட்டுவேன்?”

எழுந்து உட்கார்ந்து, கோப்பை முழுவதையும் குடித்தேன்.